கிளட்ச்சைக் கழற்றிய செவ்வாய்க்கிழமை

2025 பிப்ரவரி 11, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், ஏழு ஐம்பதுக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வழியில் மேம்பாலத்தில் எஞ்சின் இரைந்ததே தவிர கார் வேகமெடுக்கவில்லை. விடுப்பு சொல்லிவிட்டு, திண்டிவனத்தில் நேரே மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன்.

யாரால் வந்த கோளாறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொங்கலுக்கு முன் மேல்சித்தாமூர் போய்வர, கோலியனூரிலிருந்து ஒருநாள் கூலிக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டோம். திரும்பும்போது கருகல் வாடை வந்தது. வீடு சேர்ந்ததும் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில், "இவரைக் கூப்பிட வேண்டாம், கிளட்ச்சை எரித்துவிட்டார்" என்று எழுதினேன். தெருவில் பல வீடுகளுக்கு அவர்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அதன்பின் ஒருவரும் கூப்பிடவில்லை.

மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சின் பாகங்களைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். கிளட்ச் தட்டில் அறைந்த லைனிங் பட்டை, ரிவெட் ஆணியின் தலை வரை தேய்ந்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் சூட்டால் நீலத் திட்டுகள். அதன் நடுவில் விரல்கள்போல் நீண்ட தகடுகளின் நுனியில் பள்ளம். அவற்றை அழுத்தும் பேரிங்கைச் சுழற்றினார். கரகரவென்றது.

"இது ஒருநாள்ல ஆன தேய்மானம் இல்ல சார். கியர் மாத்தாதப்பவும் யாரோ கிளட்ச் மேலயே காலை வெச்சிக்கினு ஓட்டறாங்க. வண்டி யார்கிட்ட இருக்கு?"

"நான்தான் ஓட்டறேன். எப்பவாச்சும் டிரைவர்."

"எப்பவாச்சும்னா?"

"வருஷத்துக்கு நாலு தடவ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

புதியவற்றை மாட்டி முடிக்கப் பிற்பகல் மூன்று மணியாகிவிட்டது. ஓட்டிப் பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், காலை எடுங்க."

"எடுத்துட்டேனே."

"எங்க எடுத்தீங்க? நீங்க ரோட்ட பாருங்க, நான் உங்க காலைப் பாக்கறேன். கிளட்ச்சு என்னா உங்க வூட்டு முக்காலியா?"

இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். கால் அங்கே இருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

மாலை ஆறு மணிக்கு டிரைவருக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார். இப்ப கரும்பு டிராக்டர் ஓட்டிக்கினு இருக்கேன். அந்த குரூப்புல மட்டும் ஒரு வார்த்த போட்டுடுங்க. எங்க வூட்ல அவளே கேக்கறா, 'நெஜமாவே நீதான் எரிச்சியா'ன்னு."

"இப்பவே போடறேன்" என்றேன்.

போடவில்லை. "பரிசோதனையில் வேறு காரணம் தெரியவந்தது" என்று தட்டினேன், அழித்தேன். "சில தொழில்நுட்பக் காரணங்களால்" என்று தொடங்கினேன், அதையும் அழித்தேன். இரண்டிலும் நான் இல்லை. அவர் மேல் குற்றம் சொன்னபோது இப்படி வார்த்தை தேடவில்லை. அன்று ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

புதன்கிழமை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், குழுவில் எழுதி அனுப்பினேன்: "கிளட்ச் தேய்ந்தது என் காலால். டிரைவர் மேல் தப்பில்லை. தெரியாமல் பழி போட்டது நான்."