ஆக்‌ஷன் மட்டும் பாக்கி

எங்கள் அப்பாவுக்கு ஒரு பொருளை வாங்குவதில் இருந்த சுகத்தைவிட, வாங்குவதற்கு முன்னால் அதை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருந்த சுகம் அதிகம். ஒரு ரைஸ் குக்கருக்காக ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில் இருந்த இந்தியக் கடைகளுக்கு ஐந்து சனிக்கிழமை போனோம். ஆறாவது சனிக்கிழமை அம்மா தனியாகப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இப்படிப்பட்டவர், ஒரு துப்பாக்கியைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, அது எந்தக் காலத்திலும் நடக்காது என்ற தைரியத்தில்தான் அம்மா சரி என்றாள்.

குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான துப்பாக்கி அது. சுடப்படுவது காகிதம். இதை அப்பா யாரிடமும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார், சொல்லியே ஆகவேண்டியிருந்தது. நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். ஹூஸ்டனுக்கு வந்து ஏழு வருடம் ஆகியும் பிஸ்கட் பெட்டியைத் திருப்பி முட்டை இருக்கிறதா என்று படித்த பிறகே வண்டியில் போடுகிற குடும்பம்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது அப்பா என்.சி.சி.யில் நன்றாகச் சுடுவாராம். டெல்லி முகாமுக்கு ஆள் எடுத்தபோது ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பு போனது. தனக்குக் கொடுத்த துப்பாக்கியின் குறிமுள் ஆடிக்கொண்டிருந்தது என்பது அவர் கட்சி. அம்மா அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆகவே, இனிமேல் பழியைத் தூக்கிப் போட முடியாத ஒரு துப்பாக்கியைச் செய்து, 2001 ஏப்ரலில் நடக்கும் கிளப் போட்டியில் சுட்டுப் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தார். அதிலும் தவறினால் தவறு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்வதாக அம்மாவிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. இந்த வேலையில் நான் அவருக்குச் சரிபாதிக் கூட்டாளி. அதை அவரே சொல்லியிருந்தார். காட்டலாக்குகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, அவர் அலுவலகத்தில் அச்செடுத்து வந்த அட்டவணையில் ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பெண் போடுவோம். பள்ளிக்கூடத்தில் என் மதிப்பெண்ணை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

முதலில் குழல் வந்தது. நீளமான அட்டை உருளையில் வந்ததால் அம்மா அதைக் கர்ட்டன் கம்பி என்று நினைத்துக்கொண்டாள். திறந்து தூக்கிப் பார்த்தவள், "இதை மாட்டுனா செவுருல்லா விழுந்துரும்" என்றாள். குழல் தடிமனாக இருந்தால் சுடும்போது அதிர்வு குறையும் என்று அப்பா விளக்கினார். அப்படியானால் ஜன்னலுக்கு எப்போது கம்பி வரும் என்று அம்மா கேட்டாள்.

அடுத்தது, தோளில் வைத்துக்கொள்கிற கட்டை. எனக்கு வால்நட் மரத்தின் மேல் ஆசை. ஹூஸ்டன் புழுக்கத்தில் மரம் ஊதும், ஊதினால் குழலைத் தொடும், தொட்டால் குறி தப்பும் என்று அப்பா அதற்கு இரண்டே மதிப்பெண் கொடுத்தார். மெல்லிய பலகைகளை ஒட்டி அழுத்திச் செய்த கட்டைக்கு ஒன்பது. நான் இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் நிறத்தை நான் தேர்ந்தெடுக்கலாம் என்று சமாதானம் ஆயிற்று. சாம்பல் நிறம் சொன்னேன்.

விசை வந்தபோது அதை எவ்வளவு கனத்துக்கு இழுபடும்படி வைப்பது என்பது இரண்டு வார ஆராய்ச்சி. அப்பா விசையைக் கிடுக்கியில் பிடித்து, அதில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, பைக்குள் துவரம்பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார். கிளிக் என்று சத்தம் வந்ததும் பருப்பை நிறுப்பது என் வேலை. அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் சாம்பார் வைக்க வேண்டுமானால் அம்மா எங்களிடம் வந்து பருப்பு கேட்க வேண்டியிருந்தது. டெலஸ்கோப் வந்த அன்று அதை வைத்துத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியில் பெயிண்ட் உரிந்திருந்த எழுத்தைப் பார்த்தேன். அக்கம்பக்கத்து ஜன்னல் பக்கம் திருப்பவே கூடாது என்பது கட்டளை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடி, எல்லாம் வந்து சேர்ந்தது. ஆக்‌ஷன் மட்டும் பாக்கி. தோட்டா உட்கார்ந்து பூட்டிக்கொள்கிற நடுப்பாகத்துக்கு அந்தப் பெயர். சட்டத்தின் கணக்கில் அதுதான் துப்பாக்கி. மற்றதெல்லாம் வெறும் இரும்பும் மரமும் கண்ணாடியும்தான், தபாலிலேயே வரும். ஆக்‌ஷனுக்கு மட்டும் கடைக்கு நேரில் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தில்தான் அப்பா மாட்டிக்கொண்டார். விசாவில் வேலை பார்க்க வந்தவர்களுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்று இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் சட்டம் மாறியிருந்தது. எங்கள் கிரீன் கார்டு இன்னும் வந்தபாடில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். வயிற்றுக்கு மேல் பட்டையான பெல்ட்டும், வாய் நிறையச் சிரிப்புமாக இருப்பார். அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார். வேட்டையாடும் லைசென்ஸ் இருந்தால் விசாக்காரரும் வாங்கலாம். பக்கத்துக் கவுண்டரிலேயே கிடைக்கும். எடுத்துவிட்டு வேட்டைக்குப் போகாமலே இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வேட்டை லைசென்ஸா? சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்க வீட்லயா?" என்றாள் அம்மா.

"வேட்டைக்கா போகப் போறேன்? அது சும்மா ஒரு பேப்பர்."

"பேப்பர்ல நம்ம பேர் இருக்கும்லா?"

ஒரு வாரம் இது போனது. கடைசியில் அம்மாவே இறங்கி வந்தாள். அந்த லைசென்ஸ் காரிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்குள் வரக் கூடாது என்பது நிபந்தனை. அப்பா ஒத்துக்கொண்டார். அடுத்த நாளே எடுத்துவந்து, அதைக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் டிஷ்யூ பேப்பருக்கு அடியில் வைத்தார். சனிக்கிழமை கடைக்குப் போவதாக முடிவாயிற்று. போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது.

சனிக்கிழமை காலை நான் ஏழு மணிக்கே ஷூ போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். அப்பா எழுந்து காப்பி குடித்தார், பேப்பர் படித்தார், பழைய காட்டலாக் ஒன்றை எடுத்துப் புரட்டினார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஃப்ரீவேயில் வழக்கமாக எல்லா வண்டியையும் முந்துகிறவர் அன்று ஓரத்து லேனிலேயே ஓட்டினார். பெரிய காரியத்துக்குப் போகும்போது பெரியவர்கள் இப்படித்தான் நிதானமாக ஓட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஆக்‌ஷனை எடுத்து, பச்சைத் துணியின் மேல் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. அதற்கு நாங்கள் பத்துக்குப் பத்து போட்டிருந்தோம். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, படிவத்தையும் பேனாவையும் அப்பாவின் பக்கம் நகர்த்தினார். அப்பா பேனாவைக் கையில் எடுத்தார். எழுதவில்லை. கடைக்காரர் பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார், இந்த சீசனில் எதைச் சுடப் போகிறீர்கள், மானா, காட்டுப்பன்றியா என்று.

அப்பா பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார். சொல்லத் தெரியாமல் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் ஆங்கிலத்தில் எது தடுமாறினாலும் நான்தானே எடுத்துக்கொடுப்பேன்!

"ஹி டஸின்ட் ஹன்ட்," என்றேன் சத்தமாக. "வி ஆர் வெஜிடேரியன்."

கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே, அதனால் ஒன்றும் இல்லை, லைசென்ஸ் இருந்தால் போதும், எழுதுங்கள் என்றார். அப்பா பேனாவைக் கீழே வைத்தார். மகள் சொல்வதுதான் சரி, வேட்டையாடாதவன் இந்த லைசென்ஸைக் காட்டி வாங்குவது முறையில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். கடைக்காரர் சட்டத்தை இரண்டு தடவை விளக்கினார். அப்பா அவர் கையைக் குலுக்கிவிட்டு என்னை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

காரில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருட வேலையை ஒரு வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு டிஷ்யூவை உருவி என்னிடம் கொடுத்தார்.

"தேங்க்ஸ்ட்டி" என்றார்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. ஆகவே அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஒரு பாவத்திலிருந்து அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று அழுகையை நிறுத்தினேன். வீடு போய்ச் சேரும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்திருந்தது.

குழலையும் கட்டையையும் மற்றதையும் அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். ஜூன் மாதம் நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். இந்தியாவில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று எனக்குச் சொன்னார்கள். அடுத்த வருடம் அந்த நண்பர், ஆக்‌ஷனைத் தானே வாங்கிப் பூட்டி, எங்கள் துப்பாக்கியோடு போட்டிக்குப் போனதாக மின்னஞ்சல் எழுதினார். எத்தனை புள்ளி என்று அப்பா கேட்கவில்லை.

ஆனால் கடையில் நடந்ததை அப்பா விடவே இல்லை. விருந்தாளி வந்தால் போதும், என் குரலில் "வி ஆர் வெஜிடேரியன்" என்று சொல்லிக் காட்டுவார், வீடே சிரிக்கும். எனக்கு இருபத்தெட்டு வயதாகியிருந்தபோது ஒரு நாள் அப்படித்தான் கூடத்தில் சிரிப்புக் கேட்டது. நான் சமையலறையில் அம்மாவோடு இருந்தேன். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே, "நீங்க கடைக்குப் போனதுக்கு மொத நாள்தான் அப்பாட்ட ஆபீஸ்ல வேலை இல்லன்னு சொல்லியிருக்காங்க. அப்பா எனக்கே ரெண்டு வாரம் கழிச்சுத்தான் சொன்னாங்க" என்றாள். எனக்கும் தெரியும் என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறாள்.

வேலை போனால் விசா போகும், நாடும் போகும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார். வீட்டிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் ஏன் என்று கேட்டிருப்பேன், விட்டிருக்க மாட்டேன். கடையில் அவருக்கு ஒரு காரணத்தை நானே எடுத்துக்கொடுத்திருக்கிறேன். கூடத்துக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அன்று கஷ்டமாக இருந்தது. பத்து வயதில் எனக்குத் தெரிந்த அப்பா, ஒன்றை வாங்குவார், அல்லது வேண்டாம் என்று முடிவு செய்வார். அவரால் முடியாமல் போவது என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.