அக்கா வாசித்த இங்கிலீஷ்

இங்கிலீஷில் சில எழுத்துகளை எழுதுவார்கள், ஆனால் வாயால் சொல்ல மாட்டார்கள். சொல்லாத எழுத்தை எந்த மகராசன் எழுதச் சொன்னானோ, இன்றைக்கும் எனக்கு அவன்மேல் ஆத்திரம்தான். என் அக்காவின் படிப்பு அதில்தான் போனது.

எழுபதுகளில் மதுரை சிம்மக்கல் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு ஸ்பெல்லிங் மனப்பாடம் செய்ய ஒரு வழி இருந்தது. ஓர் எழுத்தையும் விடாமல் உச்சரித்துவிட வேண்டும். புதன்கிழமைக்கு வெட்-நெஸ்-டே. கத்திக்குக் கினைஃபே. தீவுக்கு இஸ்லாண்ட். வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்தும். டீச்சரே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். எழுதும்போது தப்பே வராது. பரீட்சையில் வாய்க்கு ஏது மார்க்?

அந்த வழியில்தான் அக்கா பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷில் முதலாவதாக வந்தாள். டீச்சராக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. மொத்த வியாபாரக் கடையில் மூட்டை எடைபோடுகிற அப்பா, சொந்தக்காரர்களின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் அவளைக் காலேஜில் பி.யு.சி.யில் சேர்த்தார். "எம் மக டீச்சராகப் போறா, அம்புட்டுத்தேன்" என்று கடைத்தெரு பூராவும் சொல்லிவிட்டு வந்தார்.

காலேஜ் திறந்த புதிதில் லெக்சரர் அம்மா அவளை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். நேரம் பாருங்கள், அது ஒரு தீவைப் பற்றிய பாடம். வரிக்கு வரி அந்த வார்த்தை. அக்கா கணீரென்று 'இஸ்லாண்ட்' என்றாள். கான்வென்ட்டிலிருந்து வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. தாவணி விலகிவிட்டதோ என்று இழுத்துச் சரிசெய்துகொண்டு மேலே வாசித்தாள். மறுபடி அந்த வார்த்தை, மறுபடி சிரிப்பு. லெக்சரர் அம்மாவும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போதும், உட்காரு" என்றார். அடுத்த பிள்ளை எழுந்து 'ஐலண்ட்' என்று வாசித்தபோதுதான் அக்காவுக்கு விளங்கியது.

பாவிகள்! இது தப்பு, இப்படிச் சொல்லு என்று ஒருத்தி சொல்லியிருந்தால் அன்றைக்கே திருத்திக்கொண்டிருப்பாளே!

அதற்கப்புறம் நன்றாகத் தெரிந்த வார்த்தைமேல்கூட அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசிக்கும் முறை வருகிற நாளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். போகப் போக எல்லா நாளும் வயிற்றுவலி. ஒரு நாள் அப்பா அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏத்தா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாகளா? சொல்லு, அப்பா வந்து கேக்குறேன்."

"இல்லப்பா. எனக்குப் படிப்பு பிடிக்கல. இனிமே போகல."

அப்பா வெளியே போனதும் என்னைக் கட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். "அப்பா அந்த அழுக்கு வேட்டியோட அங்க வந்து நின்னா, அவரையும் சிரிப்பாளுகடி. அத என்னால பாக்க முடியாது."

அடுத்த தையில் டி. கல்லுப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்லவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா மட்டும் அதற்கப்புறம் கடைத்தெருவில் மகளின் படிப்பைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அவள் மகள் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்த பிறகு ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரு வார்த்தையில் தடுமாறி, புத்தகத்தோடு அடுப்படிக்கு ஓடியது. "அம்மா, இத எப்படிம்மா சொல்றது?"

அக்கா தோசைக் கரண்டியோடு குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்கு எங்கத்தா இங்கிலீஷ் தெரியும்? சித்திகிட்ட கேளு."

பிள்ளை என் மடியில் வந்து விழுந்தது. "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது சித்தி. கைநாட்டு!" என்று கத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தது.

அடுப்படியிலிருந்து அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை.