வலைப்பையும் வடிகானும்

மாரி மழை பிடித்தால், மீனவர் வாழும் எங்கள் குறுகிய ஒழுங்கையில் கட்டில் கால்களுக்குச் சீமெந்துக் கல் வைத்து உயர்த்துவோம். அடுப்பு மேசைக்கு ஏறும். மலசலகூடக் குழி நிரம்பி அந்தத் தண்ணீரும் வீட்டுக்குள் வரும். அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. வடிகான் கட்டித் தருவேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டு உள்ளூர்ச் சபைக்கு உறுப்பினராகப் போனேன். முன்வீட்டு மாமி முகத்துக்கு நேரே சொன்னார்: "கான் வராட்டி இந்தப் பக்கம் வாக்குக் கேட்டு வராதை, பிள்ளை." அது பகிடி இல்லை.

சபையிடம் காசு இல்லை. கடன் எடுத்தால்தான் கான். தவிசாளர் ஒரு நிபந்தனை போட்டார்.

"கடன் எடுக்கலாம், தங்கச்சி. ஆனால் உங்கட ஆக்கள் அதுக்குள்ள போத்தலையும் பையையும் கொட்டினால் ரெண்டு மாரியில கான் அடைச்சுப் போகும், கடன்தான் மிஞ்சும். மூண்டு மாதம் ஒழுங்கையில குப்பையைப் பிரிச்சுக் குடுக்கட்டும். பிறகு பாப்பம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் இன்னும் கோபம்.

சபை வீட்டுக்கு ஒரு பச்சைப் பை கொடுத்தது. தடித்த துணி, இரட்டைத் தையல், நல்ல கைப்பிடி. போத்தலும் பிளாஸ்டிக்கும் அதற்குள்; உக்குகிற குப்பையை வீட்டு வளவுக்குள் புதைக்க வேண்டும். முதல் புதன்கிழமை காலை, குப்பை ஏற்றுகிற சபை உழவு இயந்திரம் வந்து மணியடித்தது. ஒரு வீட்டு வாசலிலும் பை இல்லை. வீடு வீடாக ஏறினேன். மாமியின் பை முகட்டு வளையில் தொங்கியது, நிறையக் கருவாடு. பக்கத்து வீட்டில் அடம்பன் ஊரில் வாங்கிய அரிசி. இன்னொரு வீட்டில் மடு மாதா கோயிலுக்குப் போக உடுப்பு அடுக்கியிருந்தார்கள்.

"இவ்வளவு வடிவான பைக்குள்ள ஆரும் குப்பை போடுவினமே?" என்றார் மாமி.

அவரோடு சண்டை பிடிக்க எனக்கு வாயில்லை. என் பச்சைப் பையில்தான் நான் சபைக் கோப்புகளைக் காவிக்கொண்டு திரிந்தேன். அடுத்த கூட்டத்தில் எதிர்க்கதிரை உறுப்பினர் அதைக் கண்டுவிட்டார். "மெம்பர் அக்கா, குப்பையெல்லாம் கூட்டத்துக்கோ கொண்டு வாறீங்கள்?" என்றார். சபையே சிரித்தது. மானம் கப்பலேறியது.

வீட்டுக்கு வந்து கணவரில் எரிந்து விழப் போனேன். அவர் கொல்லையில் கிழிந்த நைலோன் வலைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் எதையும் எடுத்து வைப்பார்கள், கிழிந்த வலையை மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கே அவரைப் பிடித்து இருத்தி, வலை ஊசியால் குப்பை போடவென்று வலைப்பைகள் பின்னச் சொன்னேன். மற்ற வீட்டு ஆண்களும் முணுமுணுத்துக்கொண்டு பின்னினார்கள். நிலத்தில் வைத்தால் தெருக்கழுதைகள் இழுத்துப் பிரித்துவிடும் என்பதால் வாசல் படலைத் தூண்களில் உயரக் கட்டினோம்.

வலைக்கண்ணுக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை. ஒருவர் போத்தல்களோடு மீன்தலையையும் போட, காகங்கள் கூடி ஊருக்கே சொல்லிவிட்டன. அடுத்த புதன் அந்த வீட்டுப் பையில் மீன்தலை இல்லை. அதற்கடுத்த புதன், பக்கத்து வீட்டுப் போத்தலைவிட என் வீட்டுப் போத்தல் மினுங்க வேண்டும் என்று கழுவத் தொடங்கினார்கள். போட்டி என்று வந்தால் எங்கள் ஒழுங்கைக்கு ஒருவரும் கிட்ட நிற்க முடியாது.

மூன்று மாதம் முடிய தவிசாளரே வந்து நடந்து பார்த்தார். அடுத்த கூட்டத்தில் கேட்டார்: "கடன் எடுத்துக் கான் கட்ட விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

நான் இரண்டு கையையும் தூக்கினேன். எதிர்க்கதிரைக்காரர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அவரும் தூக்கினார். ஒரு கைகூடக் குறையவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதை ஒளிக்கவும் இல்லை.

கான் கட்டி முடிந்த வருடம் மாரி பேயாய் அடித்தது. ஒழுங்கை முழுக்கக் கானோரம் வந்து நின்றோம். தண்ணீர் வீடுகளைத் திரும்பியும் பாராமல் கடலுக்கு ஓடியது. "ஓடுது, ஓடுது!" என்று கத்தியதில் என் தொண்டை கட்டிவிட்டது. அப்போது எங்கிருந்தோ ஒரேயொரு தண்ணீர்ப் போத்தல் மிதந்து வந்தது. எங்கள் ஒழுங்கைப் போத்தல் இல்லை, சத்தியமாக. நாலைந்து பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள். பிடித்தது மாமி.