எதிர்வீட்டில் வைத்த குளிர்ப் பை

எங்கள் ஊரில் பங்குனி மாதத்தில் ஸ்வெட்டர் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். நான் கேட்டேன். பஜாரில் எனக்குப் பழக்கமான ரெடிமேட் கடைக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லயா?" என்றார். குளிர் ஜுரம் என்று நினைத்துவிட்டார் மனிதர். "கப்பல்ல போறேண்ணா. அங்க குளுருமாம்" என்றேன். அவர் நம்பவில்லை. செஞ்சியில் பிளவுஸ் தைக்கிற பொம்பளை கப்பலில் போகிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? இருந்தாலும் பரண்மேல் ஏறி, மார்கழியில் விற்காமல் நின்றுபோன இரண்டு ஸ்வெட்டரையும் ஒரு மங்கி குல்லாவையும் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பாச்சை உருண்டை நாற்றம். வெளியே கோட்டை மலைப் பாறையெல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. நான் கம்பளித் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடந்தேன். நின்ற ஜனம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. பார்க்கட்டுமே!

என் வீட்டுக்காரர் வேலை செய்வது உல்லாசக் கப்பலில். காசுள்ளவர்கள் விடுமுறைக்கு ஏறிச் சுற்றுகிற கப்பல். அதில் சலவைப் பிரிவில் இருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். அந்த இரண்டு மாதத்தில் முதல் பதினைந்து நாள் தூங்குவார். கடைசிப் பதினைந்து நாள் பெட்டி கட்டுவார். நடுவில் மிஞ்சுகிற ஒரு மாதத்தில் ஊரிலிருக்கிற கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கார்டு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் வந்து வரிசையில் நிற்கும். நாங்கள் சேர்ந்திருந்த நாட்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. மகளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தது எல்லாம் நான் ஒருத்தி. அதைக்கூட நான் பெரிதாகச் சொல்லவில்லை.

எனக்கிருந்தது ஒரே ஆசை. அவர் போய்க் கிடக்கிற அந்தக் கடலை, பகல் வெளிச்சத்தில், அவர் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும். அவரை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறதே, அது எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு லீவிலும் கேட்பேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். போன வருஷம் அவரை மேஸ்திரி மாதிரி ஒரு பதவிக்கு உயர்த்தித் தனி அறை கொடுத்தார்கள். அந்தப் பதவியில் இருப்பவர்கள் மனைவியைக் கூட்டிக்கொள்ளலாமாம். குளிர்காலம் முழுக்க அமெரிக்கா பக்கத்து வெயில் தீவுகளைச் சுற்றுகிற கப்பல், ஏப்ரலில் மகாசமுத்திரத்தைக் கடந்து ஐரோப்பா பக்கம் போகும். பதிமூன்று நாள். "அதுல வா" என்றார். விசாவுக்கு அலைந்த கதையை விடுங்கள், அது தனி ராமாயணம்.

துணி விஷயத்தில்தான் அவர் என்னைப் படுத்தி எடுத்தார். தினமும் போனில் வாய்ஸ் மெசேஜ் வரும். "மொத நாலு நாளு நம்ம ஊரு மாரியே இருக்கும். காட்டன் போதும். அஞ்சாம் நாளு காத்து. ஏழாம் நாளு மழை. எட்டாம் நாள்லேர்ந்து குளுரு, கம்பளி வேணும். கட்டக் கடைசியா மறுபடியும் வெயிலு. ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கினு, ஒண்ணொண்ணா கழட்டுற மாரி கொண்டா." வெங்காயத்துக்குத் தோல் மாதிரி என்னை உடுத்திக்கொள்ளச் சொல்கிறார். வானிலை அறிக்கை வாசிக்கிறவர்கூட இத்தனை தீர்மானமாகச் சொல்ல மாட்டார். சமுத்திரத்தையே கரைத்துக் குடித்தவர் போலப் பேசுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு பை கட்டினேன். பெரிய பெட்டியில் புடவை, சுடிதார், புளிக்காய்ச்சல், ஊறுகாய். சிறிய பையில் குளிருக்கானது மட்டும்: ஸ்வெட்டர் இரண்டு, குல்லா, காலுறை, மழைக்கோட்டு, மகள் கொடுத்த சால்வை. உள்பக்கம் ஃபிளானல் துணி வைத்து முழுக்கை பிளவுஸ் மூன்று நானே தைத்துக்கொண்டேன். தைக்கும்போது வியர்வை சொட்டித் துணியில் விழுந்தது. கரண்ட் வேறு அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அந்த வெக்கையில் குளிரை நினைத்துப் பார்க்க முயன்றேன், வரவில்லை. அவர் முகம்தான் வந்தது.

இங்கேதான் எதிர்வீட்டு அக்கா நுழைந்தார். எனக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான் துணை. நாள்காட்டியில் ராகு காலம், எமகண்டம், சூலம் பார்க்காமல் தெருமுனைக்குப் போய்த் தயிர்கூட வாங்க மாட்டார். "ஃபிளைட்டு என்னிக்குடி?" என்றார். "செவ்வாக்கெழம." "அய்யே! செவ்வாக்கெழம வடக்க சூலம். மெட்ராஸு வடக்கதான இருக்குது? மொத மொத கடலு தாண்டிப் போறவ இப்பிடியா கெளம்புவ?" டிக்கெட்டை மாற்ற முடியாது என்றேன். "மாத்தாத. பரஸ்தானம் வெச்சிடு" என்றார்.

பரஸ்தானம் என்றால், நாம் கிளம்புகிற நாள் சரியில்லாவிட்டால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நேரத்தில் நம் மூட்டை ஒன்றைப் போகிற திசையிலிருக்கிற வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எப்போது வேண்டுமானாலும் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்று, அந்த மூட்டை திரும்ப நம் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. ஏறினால் பயணம் கெட்டுவிடும். அக்கா வீடு எங்களுக்கு வடக்கேதான். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில், செஞ்சி வெயிலில் எனக்குத் தேவைப்படாத பை எதுவோ அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டு சாமி அறையில் வைத்தேன். குளிர்ப் பையைத்தான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனால், கதவில் இந்தப் பெரிய பூட்டு! அக்கா மகளுக்கு எட்டாம் மாதம். விடிந்ததும் வலி எடுத்துவிட்டதாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வீடே பதறியடித்துக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறது. நான் கொல்லைப் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்ததில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடிக்க மனசு வரவில்லை. பிள்ளை வலியில் துடிக்கிறபோது, "அக்கா, என் ஸ்வெட்டரு" என்று எந்த வாயால் கேட்பது? டிரைவர் ஹாரன் அடித்தார். சன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே என் பை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு ஏறினேன்.

கப்பலில் ஏறிய முதல் நாள் நான் செய்த முதல் காரியம் அவரைத் திட்டியதுதான். நான் அழுததும் அவர் கண் கலங்கியதும் தனி. அதற்கப்புறம் பை கதையைச் சொன்னேன். "பரஸ்தானமா? பைய வெச்சிட்டு வந்தியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க மட்டும் ஊர்ல இருந்திருந்தா பூட்ட ஒடச்சாவது எடுத்திருப்பீங்க இல்ல? இருபத்திரண்டு வருசமா எல்லாத்துக்கும் நான் ஒருத்திதான் அல்லாடுறேன்" என்று கத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது. கத்தியிருக்க வேண்டாம்.

முதல் நாலு நாளும் அவர் சொன்னது சொன்னபடி வெயில். ஆனால் அவர்தான் கண்ணில் படவில்லை. விடிவதற்கு முன் போவார், இருட்டிய பிறகு வருவார், படுத்ததும் குறட்டை. நான் மேல்தளத்தில் தனியாக உட்கார்ந்து, யார் யாரோ புருஷன் பெண்டாட்டி கையைக் கோத்துக்கொண்டு கடலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி வந்தும் நான் செஞ்சியில் இருந்தது போலவே இருந்தேன். ஐந்தாம் நாள் அவரிடம் அனுமதி வாங்கித் தரச் சொல்லி, அவர் வேலை செய்கிற இடத்தைப் பார்க்கப் போனேன். கப்பலின் அடிவயிறு. சன்னல் கிடையாது. அடேயப்பா, என்ன வெக்கை! அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் மலைமேல் ஏறினால்கூட அவ்வளவு வேகாது. பிரம்மாண்டமான மெஷின்களுக்கு நடுவில் அவர் பனியனோடு நின்றுகொண்டு, மேலிருந்து வந்து விழுகிற துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா," என்று ஒரு சட்டையை உதறிக் காட்டினார். "நேத்து வரைக்கும் பூரா நீச்சல் துண்டு. இன்னிக்கு முழுக்கை வந்துடுச்சி. மேல காத்து ஆரம்பிச்சிருக்கும். கம்பளி எறங்குச்சின்னா குளுரு."

அத்தனை தீர்மானமாகச் சொன்னாரே நாளுக்கொரு வானிலை, அதெல்லாம் அவர் வானத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. அடுத்தவர்கள் அழுக்குத் துணியைப் பார்த்துச் சொன்னது. "நீங்க மேல போயி பாக்கறதே இல்லியா?" என்று கேட்டேன். வேலையாட்களுக்கு முன்பக்கம் ஒரு தளம் உண்டாம். "ஏறலாம். ஏறுற நேரத்துக்குத் தூங்கலாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் என் ஆசையைச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். அவர் யாரையோ கெஞ்சி, ஷிஃப்ட் மாற்றி, ஒன்பதாம் நாள் மதியம் ஒரு மணி நேரம் வாங்கினார். பயணம் முழுக்க அந்த ஒரு மணி நேரம்தான். எட்டாம் நாளே குளிர் இறங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு சுடிதார்மேல் இன்னொரு சுடிதார், அதன்மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து பார்த்தேன். காற்று முகத்தில் அறைந்தது. பல் கிட்டித்துப்போய் உள்ளே ஓடி வந்தேன். மதியம் அவர் வந்து என் கோலத்தைப் பார்த்தார். "வேணாம்மா. சளி புடிச்சி காய்ச்சலு வந்துடும். உள்ளயே உக்காந்து டீ குடிக்கலாம்" என்றார். "டீ குடிக்கவா நான் இத்தினி தூரம் வந்தேன்? செத்தாலும் நான் அங்க நின்னுட்டுத்தான் சாவேன்" என்றேன். அழுகையும் ஆத்திரமுமாகத்தான் வந்தது.

அவர் தன் லாக்கரைத் திறந்தார். அடியில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே அரக்குக் கலர் ஸ்வெட்டர். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் முதல் தடவை கப்பலுக்குக் கிளம்பியபோது நான் செஞ்சி பஜாரில் வாங்கிக் கொடுத்தது. புதுத்துணிக்கு வைக்கிற மாதிரி காலரில் மஞ்சள் தடவிக் கொடுத்திருந்தேன். அந்த மஞ்சள் அப்படியே இருந்தது, என் விரல் அகலத்துக்கு. "போட்டதே இல்லியா?" என்றேன். "அடியில எங்க குளுருது?" என்றார். பிறகு காலரை விரலால் தொட்டு, "போட்டா தொவைக்கணும். தொவைச்சா மஞ்சா போயிடும்" என்றார். உலகத்துத் துணியெல்லாம் துவைக்கிற மனிதர்.

அதை எனக்கு மாட்டிவிட்டார். முன்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாம்பல் நிறக் கடல், எந்தப் பக்கம் திரும்பினாலும் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். "எவ்ளோ பெருசா இருக்குது, பாரேன்" என்றார். என்னிடம்! வெறும் யூனிஃபார்ம் சட்டையில் வெடவெடவென்று நடுங்கினார். ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்கு மாட்டினேன். அஞ்சு நிமிஷத்தில் நான் நடுங்குவதைப் பார்த்துத் திரும்ப எனக்கு மாட்டினார். இப்படியே ஆளுக்கு அஞ்சு நிமிஷம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதில் தலையெல்லாம் கலைந்துபோனது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி நேரம்கூட ஆகவில்லை, மெஷின் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டான். அவர் போனார். என் முறை வந்தபோது அவர் போனதால் ஸ்வெட்டர் என்மேலேயே இருந்தது.

இறங்குகிற நாளில் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து வைக்கிறேன் என்றேன். "குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டார். மடித்து, அதே கவரில் போட்டு, லாக்கரில் வைத்துப் பூட்டினார்.

செஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது கத்திரி வெயில். எதிர்வீட்டு அக்கா அன்று பிறந்த பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "என்னை மன்னிச்சிடுடி. ஒன் பைய தொடவே இல்ல. வெச்ச எடத்துலயே இருக்குது. வந்து எடுத்துக்கினு போ" என்றார். சாமி அறையில் எட்டிப் பார்த்தேன். அதே இடம், அதே உட்கார்ப்பு. தூக்கினால் அது என் வாசற்படி ஏற வேண்டியிருக்கும். தூக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"அது அங்கியே இருக்கட்டுங்க்கா" என்றேன்.

"ஏண்டி? போயிட்டுத்தான் வந்துட்டியே."

"பை கெளம்பிடுச்சிக்கா. நான்தான் திரும்பி வந்துட்டேன்."

அக்கா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் பையின்மேல் இருந்த தூசியைத் துடைத்தார்.