அரை நூல் பிசகு

சலூன் மெஷினின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும், எழுபதுகளில் மண்ணூர்பேட்டை நற்பணி மன்றத்தில் ஞாயிறுதோறும் நடந்த இலவச முடிவெட்டு ஞாபகம் வந்துவிட்டது. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வெட்டிவிடுபவர் மன்றச் செயலாளர் துரை அண்ணன். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டுபவர், அரை நூல் பிசகினாலும் பொறுக்காதவர். "இந்தப் பக்கம் தூக்கிகினு கீது" என்று காதோரம் ஸ்கேல் வைத்து இடப்பக்கத்தைக் குறைப்பார், அப்புறம் வலப்பக்கத்தை, மறுபடியும் இடப்பக்கத்தை. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுப்பதற்கு முந்தின ஞாயிறு, என் தலை மொட்டையான பிறகுதான் இரண்டு பக்கமும் சமமாயின. நான் தேம்பி அழுதேன். துரை அண்ணன் மெஷினை என் கையில் திணித்துவிட்டு, எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

"வெட்டு நைனா. அளவுல்லாம் பாக்காத."