வரிசை தாண்டாதவன்

பென்சிலை மூன்று முறை சீவி, முனையை நகத்தில் குத்திப் பார்க்கிறான் தம்பி. காலை ஐந்தே முக்கால். நோட்டில் இடப்பக்கம் ஆங்கில மரபுத்தொடர், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். ஒரு நாளைக்கு ஒன்றுதான். பார்த்து எழுதும் புத்தகம் அகர வரிசையில் அச்சானது. நான்கு வருடத்தில் ஒரு வரிகூடத் தாண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளன். டாக்டர்கள் ஆங்கிலத்தில் பேசுவதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்ட அக்கா நான் வளர்த்த பிள்ளை, டாக்டருக்குச் சரிசமமாகப் பக்கத்தில் நிற்கிறான். சேர்ந்த புதிதில் ஒரு டாக்டர், "அவுட் ஆஃப் த வுட்ஸ்" என்றாராம். இவன் நோயாளியின் தாயிடம், "உங்க பையன் காட்ட விட்டு வெளிய வந்துட்டானாம்" என்றிருக்கிறான்.

"மாடிப்படியிலதானப்பா விழுந்தான், காட்டுக்கு எப்பப் போனான்?" என்று அந்த அம்மா அழுதுவிட்டாள். ஆபத்து நீங்கியது என்று அர்த்தமாம். அன்று சாயங்காலமே புத்தகம் வாங்கிவிட்டான்.

ஒரு வருடமாகத்தான் இந்த வினோதம். காலையில் எழுதியதைப் பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒரு டாக்டர் சொல்லிவிடுகிறார். நானும் நம்பாமல் காலண்டரில் புள்ளி வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு புள்ளி.

"நாளைக்காவது நல்லதா எழுதித் தொலைய்யா" என்பாராம் நர்ஸ்.

"நானா எழுதுறேன் சிஸ்டர்? வரிசை எழுதுது" என்பானாம் இவன். சிரிக்க மாட்டான்.

நேற்று எழுதியது "கீப் யுவர் சின் அப்". தைரியமாக இரு. மதியம் என் வயிற்றுக் கட்டியைப் பார்த்த டாக்டர், நாளை பத்து மணிக்குப் பரிசோதனை முடிவு வரும் என்றார். பிறகு என் தோளைத் தட்டி அதையேதான் சொன்னார். தம்பி வாய் திறக்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தில் அடுத்த தாளைப் புரட்டி எழுத்துக்கூட்டினேன். மறுநாள் அவன் எழுத வேண்டிய முதல் வரி "கிக் த பக்கெட்". எதிரே பொடி எழுத்தில்: செத்துப்போதல். புத்தகத்தை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

இன்று புத்தகத் தாளின் ஓரத்தைத் தூக்கியவன் அப்படியே நின்றான். பென்சில் கூராகத்தான் இருந்தது. மறுபடி சீவினான்.

"எழுதலையாடா?"

"எழுதுறேன்க்கா. அங்க வந்து டாக்டர் வாயையே பாக்காத. நான் சொல்றத மட்டும் கேளு."

"நீ மாத்திச் சொன்னா எனக்குத் தெரியாதாக்கும்?"

விரலை நாக்கில் தொட்டான். இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்து, ஒன்றாகப் புரட்டினான்.