மேரிசுகந்தி பார்த்த படங்கள்

2007ஆம் ஆண்டு, நண்டு நல்லாய்ப் படுகிற காலம். ஊர்காவற்துறைக் கடற்றொழிலாளர் சங்கத்து மேசையில் இருந்த தொலைபேசி காலையில் அடித்தது. மேரிசுகந்தி எடுத்தாள்.

"தங்கச்சி, உங்கட கொம்பியூட்டரில ஹாட் டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற புரோகிராம் போட்டிருக்கோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லும்."

ஆணின் குரல். மரியாதையான, அவசரமில்லாத குரல்.

"ஆர் கதைக்கிறது?"

"அது பிறகு. றெக்ஷன் போட்டிருப்பான். நீர் பாரும். நான் திரும்ப எடுக்கிறன்."

அவள் வேறு கேட்பதற்குள் குரல் போய்விட்டது.

சங்கத்தில் கணினி வேலை அவளுடையது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கடற்படை முகாமில் அனுமதிப் பாஸ் எடுக்க, ஒவ்வொருவர் விபரத்தையும் படத்தோடு அடித்துக் கொடுப்பாள். அவளுடைய தகப்பன் மரியநாயகமும் அந்தப் பாஸில்தான் வள்ளம் இறக்குகிறவர். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, தொண்ணூற்றாறில் திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில் கிடுகு போட்டு இருந்து வளர்ந்தவள் அவள். சமாதான காலத்தில் யாழ்ப்பாணம் போய்க் கணினி பழகினாள். அந்தப் படிப்புக்குத் தீவில் இருந்த ஒரே கதிரையில் முதலில் இருந்தவன் றெக்ஷன். போன வருடம் அச்சுப்பொறிக்கு மை வாங்கவென்று பட்டணத்துக்குப் போனவன் திரும்பவில்லை. தீவையும் பட்டணத்தையும் இணைக்கிற பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவனுடைய சைக்கிள் மட்டும் நின்றது. அதன்பிறகுதான் கதிரை இவளுக்கு வந்தது. சந்தோசப்பட ஏலாத உத்தியோகம்.

சங்கத் தலைவர் பிலிப்புவிடம் விசயத்தைச் சொன்னாள். அவர் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்தார்.

"பார்க்காதையும், பிள்ளை. கேட்டால் எனக்கு உது விளங்காது எண்டு சொல்லும். தெரியாதவளாய் இருக்கிறதுதான் இப்ப நல்லது."

"ஓம், அண்ணை" என்றாள்.

பார்க்காமல் விட்டிருப்பாள். ஆனால் றெக்ஷனின் தாய் மேரிறோஸ் இருந்தாள். கோயிலுக்குப் போகிற வழியில் சங்கத்துக்குள் எட்டிப்பார்த்து, எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "பிள்ளை, அந்தப் பெட்டிக்குள்ள அவன்ர படம் ஒண்டும் இல்லையே?" இடம்பெயர்வுகளில் வீட்டில் படமென்று எதுவும் மிஞ்சவில்லை. அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. மேரிசுகந்தி எத்தனையோ தரம் தேடியும் எதுவும் அகப்படவில்லை. தேடாத இடம் ஒன்று இருக்கிறதென்று இப்போது யாரோ ஒருவன் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

பிலிப்பு சாப்பிடப் போன நேரம் அவள் கதவைச் சாத்தினாள். கணினியில் போட்டிருக்கிற மென்பொருள்களின் வரிசையைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிக்குக் கிட்ட அது இருந்தது. வட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டாததைக் கண்ணில் படாமல் வைக்கும் மென்பொருள். அழுத்தினாள். வட்டு முழுவதும் ஒரு நீளப் பட்டையாகத் திரையில் விழுந்தது. ஒரு பாதி அவள் நாள்தோறும் வேலை செய்கிற பாதி. மற்றப் பாதி சாம்பல் நிறத்தில், பெயரில்லாமல் கிடந்தது. அதற்குப் பெயராக ஒரு எழுத்தைக் கொடுத்ததும் திறந்துகொண்டது.

உள்ளே படங்கள்தான். கரம்பனில் ஒரு கலியாணம். வலைப்பந்து விளையாடுகிற பெட்டையள். கோயில் கொடியேற்றம். காய்கிற வலையில் படுத்திருக்கும் நாய். றெக்ஷன் தானே கையை நீட்டித் தன்னை எடுத்த படம் ஒன்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பிறகு இறங்குதுறையில் எடுத்த சில. வள்ளங்களைத்தான் எடுத்திருந்தான். ஆனால் பின்னால் கடற்படையின் காவலரண் தெரிந்தது, மண்மூட்டைகள் தெரிந்தன, ஒன்றில் கடற்படைப் படகு வந்து கட்டுகிற இடமும் தெரிந்தது.

மேரிசுகந்தி எழும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பப் பார்த்தாள். அழகுக்கு எடுத்தான் என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

கண்ணைச் சுருக்கிய படத்தை மட்டும் அச்சடித்தாள். கலர் மை மாதக்கணக்காகத் தீவுக்கு வரவில்லை, கறுப்பில் விழுந்தது. மற்றதெல்லாவற்றையும் அழித்தாள். இரண்டு பாதியையும் ஒன்றாக்கி, அந்த மென்பொருளையும் எடுத்துவிட்டாள்.

பின்னேரம் படத்தை மேரிறோஸிடம் கொடுத்தாள். "மாமி, ஒருத்தருக்கும் காட்டாதையுங்கோ. அலுமாரிக்குள்ள வையுங்கோ" என்றாள். மேரிறோஸ் தலையை ஆட்டினாள். தாளைத் தடவிய விரலை எடுக்கவில்லை.

குரல் திரும்ப எடுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை, அடுத்த கிழமையும் இல்லை. தொலைபேசி ஒவ்வொரு தரமும் மீன் விலை கேட்டோ, சங்கக் கூட்டம் எப்போது என்று கேட்டோதான் அடித்தது. எடுத்து, குரலைக் கேட்ட பிறகே அவள் வாய் திறந்தாள்.

பிறகு ஒரு காலை இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. இருவரில் எவருடைய குரலும் தொலைபேசியில் கேட்ட குரல் இல்லை. ஒருவன் கணினிக்கு முன்னால் இருந்து கொஞ்ச நேரம் தட்டினான்.

"முந்தி இருந்து, பிறகு எடுபட்டிருக்கு" என்று மற்றவனிடம் சொன்னான்.

மற்றவன் மேரிசுகந்தியைப் பார்த்தான். "மேரிறோஸ் வீட்டில மாதாவுக்குப் பக்கத்தில ஒரு படம் வைச்சு மெழுகுதிரி கொளுத்தியிருக்கு. ஆர் தந்தது எண்டு கேட்டனாங்கள். சங்கத்துப் பிள்ளை எண்டு மனுசி சந்தோசமாய்ச் சொல்லுது."

பொய் சொல்ல இடமில்லை. "ஓம். நான்தான் அழிச்சனான்."

"ஏன்?"

"பயத்தில."

"என்னத்துக்குப் பயம்? அதில என்ன இருந்தது?"

"கலியாணப் படம். கோயில் படம். நாய்."

கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிலிப்பு வாசலில் நின்று பார்த்தார். அடுத்த தரம் பாஸ் வந்தபோது மரியநாயகத்துக்கு வரவில்லை. அவர் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவைத்து, மற்றவர்களின் வலையில் சிக்கிய நண்டையும் மீனையும் கழற்றிக் கொடுத்துக் கூலி வாங்கினார். "வேற ஆரும் எண்டாலும் இதைத்தான் செய்திருப்பினம்" என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்து சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கரைக்குப் போனார்.

மேரிசுகந்தி தீவை விட்டுப் போகக்கூடாது என்றும் கிழமைக்கொருமுறை முகாமில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் கதிரையில் இருத்தி ஒரே கேள்விதான். "அதில வேற என்ன இருந்தது?" அவள் ஒவ்வொரு தரமும் ஒரே வரிசையில் சொல்வாள். கலியாணம், கோயில், நாய். இறங்குதுறையைச் சொல்லமாட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்தால் மேரிறோஸ் வருவாள். தன்னால் வந்த வினை என்று முதலில் அழுதாள். பிறகு அவளும் அதையேதான் கேட்டாள். "வேற என்ன படம் எடுத்திருந்தவன், பிள்ளை?"

கலியாணத்தைச் சொன்னாள். நாயைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த மனுசியின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. இருந்த படங்கள் முடிந்துபோயின. மேரிறோஸ் காத்துக்கொண்டிருந்தாள். அதனால் மேரிசுகந்தி ஒரு படம் உண்டாக்கினாள். றெக்ஷன் வள்ளத்தில் இருந்து சிரிக்கிற படம். அடுத்த ஞாயிறு அதற்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதனை இருத்தினாள். அவன் றெக்ஷனின் தோளில் கை போட்டிருந்தான். "தனியத் திரியேல்லை எண்டால் எனக்கு அது காணும்" என்றாள் தாய்.

ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் சொன்னதில் எது உண்மையாகக் கண்டது என்பது அவளுக்கே கலங்கத் தொடங்கியது. ஒருநாள் முகாமில் புதிதாக வந்தவன் மெதுவாக, தயவாகக் கேட்டான். அவள் காய்ச்சலோடு போயிருந்தாள். கலியாணம், கோயில், நாய் என்றவள், "வள்ளத்தில ரெண்டு பேர்" என்றும் சொல்லிவிட்டாள்.

அவன் பேனையை எடுத்தான். "மற்றவன் ஆர்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை. நான் மாறிச் சொல்லிப்போட்டன்."

"எப்பிடி இருப்பான்? உயரமோ?"

"இல்லை, ஐயா. அப்பிடி ஒரு படமே இல்லை."

அவன் எழுதிக்கொண்டுதான் இருந்தான்.

அந்தக் கிழமையே கரையில் விசாரிக்கத் தொடங்கினார்கள். றெக்ஷனோடு வள்ளத்தில் போய்வந்த பெடியன் யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். கரையில் அவனோடு ஒருநாளாவது வள்ளத்தில் ஏறாத பெடியன் யார் இருக்கிறான்? சிலரைத் தாய்மார் மன்னாருக்கு அனுப்பினார்கள். சிலர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். மேரிசுகந்தி அதற்குப் பிறகு மேரிறோஸுக்கு ஒரு படமும் சொல்லவில்லை. ஏனென்று அவள் கேட்டபோது, "மறந்துபோச்சு, மாமி" என்றாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து, இனிக் கையெழுத்துக்கு வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மரியநாயகத்துக்கும் பாஸ் வந்தது. அவர் வள்ளத்தை நிமிர்த்தித் தார் பூசினார்.

முகாமிலிருந்து வந்து, வாசலில் நின்று அவளிடம் அந்தப் பாஸைக் கொடுத்தவன் போகும்போது திரும்பினான்.

"அந்த மற்றப் பெடியன்ர பேர் நினைவுக்கு வந்தால் சொல்லும்" என்றான்.